படிப்பு ஏறாதவனா?

சிவகாசி வட்டாரத்து 'ஆனைக்குட்டம்' என்னும் ஊர்ப்பெயரைப் பலகையில் கண்டதும் படித்துவிடுவீர்கள். அந்த நொடியில் உங்கள் மூளை ஏழு எழுத்துகளை ஒலிகளாக்கி, கோத்து, சொல்லாக்குகிறது. சிலருக்கு இவ்வேலை எளிதில் நடப்பதில்லை. இதுவே டிஸ்லெக்சியா என்னும் கற்றல் குறைபாடு. கணக்கு நன்றாக வந்தும் படிக்க இயலாத 14 வயதுச் சிறுவனைப் பற்றி, பிரிட்டிஷ் மருத்துவர் பிரிங்கிள் மார்கன் 1896-இலேயே எழுதினார்.

இதை எவ்வாறு கண்டறிகிறார்கள்? முதலில் கண்ணையும் காதையும் சோதிப்பார்கள். பிறகு ஒரு பத்தியைப் படிக்கச் சொல்வார்கள். இன்னொன்றைப் படித்துக்காட்டி வினா கேட்பார்கள். கேட்டதற்குச் சரியாக விடை சொல்பவர் படிப்பதில் மட்டும் திணறினால், குறை அறிவில் இல்லை. பொருளற்ற சொற்களையும் தருவார்கள்; அவற்றை மனப்பாடமாக ஒப்பிக்க முடியாதல்லவா?

வெர்னியர் அளவியில் சுழிப்பிழை இருந்தால் திருத்தம் செய்கிறீர்கள். எழுத்துத் தேர்வும் ஓர் அளவிதான். இவர்களிடம் அது பாட அறிவோடு படிக்கும் வேகத்தையும் சேர்த்து அளந்துவிடுகிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இக்குறைபாட்டையும் ஏற்றுள்ளது. தமிழகப் பொதுத்தேர்வில் சான்றிதழ் பெற்றோருக்கு ஒரு மணி நேரம் கூடுதலாக உண்டு. சொல்வதை எழுத ஆளும் உண்டு. இவை சுழித்திருத்தமே. எழுத்தையும் ஒலியையும் இணைக்கும் பயிற்சியைப் படிப்படியாக அளித்தால் படிக்கும் திறனும் வளரும்.

வகுப்பில் திணறும் நண்பரை 'மக்கு' என்னுமுன், பாடத்தை வாசித்துக்காட்டிக் கேள்வி கேளுங்கள். விடை வந்தால் ஆசிரியரிடம் சொல்லுங்கள்.