நூறு வயதுகூட ஆகாத தொன்மை

பாலித் தீவின் உலுவத்து கோயில், கடலோரச் செங்குத்துப் பாறையின் உச்சியில் இருக்கிறது. பொழுது சாயும் வேளையில் அங்கே ஆண்கள் பலர் வட்டம் வட்டமாக உட்காருகிறார்கள். இடுப்பில் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட துணி, மேலுடம்பு வெறுமை. வாத்தியம் ஒன்றுகூடக் கிடையாது. 'சக், சக்' என்று குரல் எழும்பியதுமே வானரப் படை வந்து இறங்கிவிடுகிறது. ராவணன் சீதையைக் கவர்கிறான். அனுமன் கொழுந்துவிடும் தீயைக் காலால் உதறித் தள்ளுகிறான். ஆதிகாலத்துச் சடங்கு என்றே பார்ப்பவருக்குத் தோன்றும். கெச்சாக் என்ற இந்த நடனம் உருவானது 1930-களில்தான்.

அந்த ஓசையைப் பிரித்துக் கேட்டால் மலைப்பாக இருக்கும். யாரும் இடைவிடாமல் 'சக்' சொல்வதில்லை. ஒரு குழு விடும் இடைவெளியில் அடுத்த குழு நுழைகிறது. அது விடும் இடத்தில் இன்னொன்று. ஒருவர் மட்டும் தாளம் நழுவாமல் பிடித்துக்கொள்கிறார். எல்லாம் சேர்ந்தால், தனியொரு மனிதரால் சொல்லவே முடியாத வேகம். பாலியின் கமெலான் இசையில் இரண்டு வெண்கல வாத்தியங்கள் இப்படித்தான் ஒன்றின் இடைவெளியை மற்றொன்று நிரப்பும். அதே கணக்கு இங்கே தொண்டைக்கு மாறியிருக்கிறது.

இதன் வேர் சங்யாங் என்ற சடங்கு. ஊருக்கு நோய் நொடி வந்தால் அதை விரட்ட, சிறுமிகள் அருள் வந்து ஆடுவார்கள். பெண்கள் பாடுவார்கள், ஆண்கள் 'சக்' சொல்வார்கள். அதில் ராமனும் இல்லை, ராவணனும் இல்லை. பெடுலு ஊர் நடனக் கலைஞர் வயன் லிம்பாக் அந்தக் குரலோடு போர்வீரர் நடனத்தின் அசைவுகளைச் சேர்த்தார். 1927 முதல் பாலியில் வாழ்ந்த ஜெர்மானிய ஓவியர் வால்டர் ஷ்பீஸ் அதில் மனதைப் பறிகொடுத்தார். அருளாட்டம் விலகியது, ராமாயணக் கதை உள்ளே வந்தது, வெளியூர் பார்வையாளர் உட்கார்ந்து பார்க்கத்தக்க நிகழ்ச்சியானது.

ஷ்பீஸ்தான் இதைப் படைத்தார் என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. குரல், தாளம், உடல்பயிற்சி எல்லாமே பாலி மக்களுடையவை. ராமாயணமும் அவர்களுக்குப் புதிதல்ல. 9-ஆம் நூற்றாண்டு வாக்கில் பழைய ஜாவானிய மொழியில் எழுந்த ராமாயணத்தை அவர்கள் இன்றும் ஓதுகிறார்கள். கெச்சாக்கைப் போலி என்று ஒதுக்குவதும் நியாயமில்லை. பல தலைமுறையாகப் பாலிக்காரர்கள் ஆடி ஆடி அதைத் தங்களுடையதாக்கிவிட்டார்கள்.

மாற்றமும் நிற்கவில்லை. ஆண்களுக்கே உரியதாயிருந்த 'சக்' குரலை இப்போது பெண்கள் மட்டுமே கொண்ட குழுக்களும் எழுப்புகின்றன.