கணுக்காலில் ஒரு காவிக் கறை

நாள் முழுவதும் நின்றுகொண்டே வேலை செய்கிறவரா நீங்கள்? அப்படியானால் இன்றிரவு படுக்கப் போகுமுன் உங்கள் கணுக்காலைச் சற்றுப் பாருங்கள். உள்புறத்தில், எலும்புக்கு நாலு விரற்கடை மேலே, காவி பூசினாற்போல் கறை தெரிகிறதா? அங்கே தோலைக் கிள்ளமுடியாமல் பலகைபோல் இறுகியிருக்கிறதா?

டாக்டர்கள் இதை ‘லிப்போடெர்மாடோஸ்க்லெரோசிஸ்’ என்கிறார்கள். (சொல்லி முடிப்பதற்குள் மற்றக் காலும் வலிக்கத் தொடங்கிவிடும்!) தோலுக்கடியிலுள்ள கொழுப்பு புண்பட்டு, தழும்பாக இறுகிவிடுகிற வியாதி. நாற்பதைத் தாண்டிய, உடல் பருத்த பெண்களைத்தான் அதிகம் நாடுகிறது.

தோலில் தெரிந்தாலும் குற்றவாளி தோல் அல்ல. சிரை, அதாவது ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய். காலுக்கு ரத்தம் இறங்குவது சுலபம், ஏறுவதுதான் கஷ்டம். நாம் நடக்கும்போது கெண்டைக்கால் தசை அதை மேலே தள்ளுகிறது. தள்ளியது திரும்பி வழியாதிருக்கச் சிரைக்குள் சின்னஞ்சிறு கதவுகள் உண்டு. இத்தாலியில் பாதுவா நகரப் பேராசிரியர் ஃபாப்ரிசியஸ் 1603-லேயே இவற்றைப் படம் போட்டுக் காட்டினார். அவை ரத்தத்தை ஒரே திசையில் விடுவதற்கே என்று 1628-ல் விளக்கியவர் அவருடைய மாணவர் ஹார்வி. கதவு பழுதானால் ரத்தம் கணுக்காலில் தேங்கும். சிவப்பணுக்கள் வெளியே கசியும். அவற்றிலுள்ள இரும்புச் சத்துதான் அந்தக் காவி நிறம்.

இதில் வேதனை என்னவென்றால், ஆரம்பத்தில் அந்த இடம் சிவந்து, சுட்டு, தொட முடியாமல் வலிக்கும். ‘கிருமி’ என்று ஆன்டிபயாடிக் கொடுப்பார்கள். கேட்காது. வேறொன்று கொடுப்பார்கள். அதுவும் கேட்காது. கிருமியானால் ஜுரமடிக்கலாம். பெரும்பாலும் ஒரு காலோடு நிற்கும். இதிலோ ஜுரம் இராது. சிலருக்கு இரண்டு கால்களிலும் வரும். மூன்றாம் தடவையும் அதே மாத்திரைச் சீட்டு வந்தால், “டாக்டர், சிரையையும் பார்த்துவிடலாமா?” என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. டாப்ளர் ஸ்கேனில் ஊசியும் கிடையாது, வலியும் கிடையாது. தோலை வெட்டிச் சோதிப்பதற்கு மட்டும் அவசரப்பட வேண்டாம். அந்தக் காயம் எளிதில் ஆறாது.

முக்கிய சிகிச்சை, காலை இறுக்கிப் பிடிக்கும் எலாஸ்டிக் காலுறை. ஆனால் தமனி ஓட்டம் சரியாக இருக்கிறதா என்று டாக்டர் பார்த்த பிறகே அதைப் போட வேண்டும், இல்லாவிட்டால் ஆபத்து. காலையில் கட்டிலைவிட்டு இறங்குமுன்பே, வீக்கம் இல்லாதபோது மாட்டிக்கொள்ளுங்கள். பகலில் இரண்டு மூன்று தடவை படுத்து, காலை இதயத்தைவிட உயரமாகத் தலையணைமேல் வையுங்கள். (மாமியார் ஏதாவது சொன்னால் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்!) மற்ற நேரம் நன்றாக நடக்கலாம். பழுதான சிரையை லேசரால் மூடுவதும் சிலருக்குப் பலன் தரும். கவனிக்காமல் விட்டால் அதே இடத்தில் ஆறாப் புண் விழும்.

திடீரென்று ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் அது வேறு சமாசாரம். சிரைக்குள் ரத்தம் கட்டியிருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.