எல்லைக் கோட்டருகே விழுந்தவர்கள்



1982ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம். ஹவாய்த் தீவிலுள்ள கோனா என்ற கரையோர ஊர். பொழுது சாய்ந்துவிட்டது. பதினொரு மணித்தியாலங்களாக நீந்தியும், சைக்கிள் மிதித்தும், ஓடியும் வந்த இருபத்து மூன்று வயது மாணவி ஜூலி மொஸ் பெண்களில் முதலாவதாக வந்துகொண்டிருக்கிறார். எல்லைக் கோடு கண்ணுக்குத் தெரிகிறது. திடீரெனக் கால்கள் மடங்குகின்றன. விழுகிறார், எழுகிறார், மீண்டும் விழுகிறார். கோட்டுக்குச் சில அடிகளே இருக்கும்போது, பின்னால் வந்த கத்லீன் மக்கார்ட்னி அவரைக் கடந்து வெற்றி பெறுகிறார். 29 செக்கன்கள் கழித்து மொஸ் தவழ்ந்து வந்து கோட்டைத் தொடுகிறார்.

தொலைக்காட்சியில் இதைக் கண்டவர்கள் கண் கலங்கினார்கள். எத்தனையோ பேர் இந்தப் போட்டியில் இறங்குவதற்கு அந்தக் காட்சியே காரணமாயிற்று. அவரது மனவுறுதியைப் பலரும் மெச்சினார்கள். ஆனால் அந்தக் கால்கள் ஏன் மடங்கின என்று கேட்டவர்கள் குறைவு.

அண்மையில் என்னிடம் கல்வி கற்ற மாணவர் ஒருவரின் தாயார் வந்திருந்தார். “மௌலவி, மகன் நீந்துகிறான், சைக்கிள் ஓடுகிறான், வெயிலில் மணிக்கணக்காக ஓடுகிறான். ஏதோ போட்டிக்காம். காலையில் ஒரு பிளேன்டீ மட்டும் குடித்துவிட்டுப் போகிறான். சாப்பிடச் சொன்னால், ‘வயிறு நிறைந்தால் ஓட முடியாது உம்மா’ என்கிறான். இந்தப் போட்டி மார்க்கத்தில் கூடுமா?” என்று கேட்டார். அவர் கேட்டது போட்டியைப் பற்றி. எனக்குக் கவலை தந்ததோ அந்த வெறும் பிளேன்டீ. அந்தத் தாய்க்குச் சொன்னதையே உங்களுக்கும் விரிவாகச் சொல்கிறேன்.

அது என்ன போட்டி?

இதனை ட்ரையத்லன் என்கிறார்கள். நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் இடைவிடாது ஒன்றன்பின் ஒன்றாகச் செய்வது. இதன் மிக நீண்ட வகைகளுள் பெயர் பெற்றது ‘அயன்மேன்’. 3.8 கிலோமீற்றர் நீச்சல், 180 கிலோமீற்றர் சைக்கிள், பின்னர் 42.2 கிலோமீற்றர் முழு மரதன். 1978இல் ஹவாயின் ஒவாஹு தீவில் 15 பேருடன் தொடங்கியது. 12 பேரே முடித்தனர். 1981இல் கோனாவுக்கு மாற்றப்பட்டது. அங்கே வீதியின் இருமருங்கும் எரிமலைக் குழம்பு உறைந்த கரும்பாறை. மேலிருந்து வெயில், கீழிருந்து பாறையின் வெக்கை. இதன் பாதித் தூரத்தைக் கொண்ட 70.3 போட்டி 2018 பெப்ரவரியில் நமது கொழும்பிலும் நடைபெற்றது. ஆகவே இது நமக்குச் சம்பந்தமில்லாத தூரதேசத்துச் செய்தியல்ல.

அந்தப் பெண்களின் உடையும் களமும் நமது வரம்புகளுக்கு உட்பட்டவையல்ல. அதை நீங்களும் அறிவீர்கள். நாம் பார்க்கவேண்டியது அவர்களுடைய அனுபவம் தரும் படிப்பினையை.

களஞ்சியம் காலியானால்…

சகோதரியே, உங்கள் வீட்டு அரிசிப் பானையை நினைத்துப் பாருங்கள். நாம் உண்ணும் சோறும் பாணும் பழமும் சர்க்கரையாக மாறி, ஈரலிலும் தசைகளிலும் கிளைக்கோஜன் என்ற பெயரில் சேமிக்கப்படுகின்றன. அந்தப் பானையில் கொள்வது ஏறத்தாழ 500 கிராம், சுமார் 2000 கலோரி. முழு அயன்மேன் தூரத்துக்கு இதைப்போலப் பல மடங்கு வேண்டும். உடலில் கொழுப்பு தாராளமாக இருக்கிறதுதான். ஆனால் அது மெதுவாக எரியும் விறகு. வேகத்துக்கு அது மட்டும் போதாது. மூளையோ சர்க்கரையையே பெரிதும் நம்பியிருக்கிறது. களஞ்சியம் காலியானதும் கால் கனக்கும், கண் மங்கும், புத்தி தடுமாறும்.

இரவு முழுவதும் உறங்கி எழும்போது ஈரலின் சேமிப்பு பெருமளவு குறைந்திருக்கும். அப்படியே வெறும் பிளேன்டீயுடன் புறப்படுகிறவர், பாதி காலியான பானையோடு சமைக்கப் போகிறார்.

வழியில் உண்ணலாமே என்பீர்கள். உண்ணத்தான் வேண்டும். ஆனால் குடல் உறிஞ்சுவதற்கும் அளவுண்டு. குளுக்கோஸ் மட்டுமென்றால் மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 60 கிராம். பழச்சர்க்கரையும் கலந்திருந்தால், பழக்கப்பட்டவர்களுக்கு 90 கிராம் வரை. இரண்டும் ஏறக்குறையச் சமமாகக் கலந்த கனியொன்றை நாம் நன்கறிவோம். அதுதான் நமது நோன்பு திறக்கும் பேரீச்சம்பழம்! ஸுப்ஹானல்லாஹ்!

வெயில் செய்யும் வேலை

தசை செலவிடும் சக்தியில் நான்கிலொரு பங்குகூட முழுமையாக அசைவாக மாறுவதில்லை. மிகுதி வெப்பமாகிறது. அதைத் தணிக்கவே அல்லாஹ் வியர்வையைத் தந்திருக்கிறான். வியர்வை ஆவியாகும்போதுதான் உடல் குளிரும். நமது கரையோரங்களைப் போன்ற ஈரக்காற்றில் அது ஆவியாகாமல் சொட்டி வீணாகிறது.

வெயிலில் கடுமையாக ஓடுபவர் மணித்தியாலத்துக்கு ஒன்று முதல் இரண்டு லீற்றர் வரை வியர்வையாக இழக்கலாம். இரத்தத்தின் அளவு குறைகிறது. இதயம் இன்னும் வேகமாக அடிக்கிறது. இருக்கும் இரத்தம் தோலைக் குளிர்விக்க ஓடுவதால் வயிற்றுக்குக் கிடைப்பது குறைகிறது. அப்போது அவசரமாக விழுங்கும் இனிப்புக் களியும் பானமும் வயிற்றிலேயே தேங்கிக் குமட்டலாகவும் வாந்தியாகவும் திரும்புகின்றன. காலையில் உண்ணாததைக் கடும் வெயிலில் ஈடுசெய்ய முடியாமற்போவது இதனால்தான்.

அனுபவசாலிக்கும் இதில் விதிவிலக்கில்லை. போலா நியூபி-பிரேசர் கோனாவில் ஏழு முறை வென்றவர். 1995இல் முன்னணியில் ஓடியவர், பின்னால் கேரன் ஸ்மயர்ஸ் நெருங்குகிறார் என்ற பதற்றத்தில், கடைசிக் கட்டத்தில் தண்ணீர் கொடுக்கும் இடங்களில் ஒன்றும் எடுக்காமல் கடந்தார். எல்லைக்குச் சில நூறு மீற்றர்கள் இருக்கும்போது நிலைகுலைந்து வீதியில் கிடந்தார். பின்பு எழுந்து நடந்து நான்காவதாக வந்தார். சில செக்கன்களை மீதப்படுத்தப் போய் வெற்றியையே இழந்தார். அடுத்த ஆண்டு திரும்பி வந்து எட்டாவது முறையாக வென்றார் என்பது வேறு கதை.

குறுகிய தூரமென்றாலும் வெயில் விடுவதில்லை. 2016 செப்டெம்பரில் மெக்ஸிக்கோவின் கொசுமெல் தீவில், கடைசி ஓட்டம் பத்தே கிலோமீற்றர் கொண்ட போட்டி. முதலாவதாக வந்த ஜொனி பிரவுன்லி சில நூறு மீற்றர்கள் இருக்கையில் தள்ளாடத் தொடங்கினார். பின்னால் வந்த அவரது சகோதரர் அலிஸ்டர் தன் வெற்றி வாய்ப்பைப் பாராது, தம்பியைத் தோளில் தாங்கி எல்லைவரை கொண்டுவந்து சேர்த்தார்.

தண்ணீரும் அளவோடுதான்

“அப்படியானால் நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்வோம்” என்று நீங்கள் நினைக்கலாம். அதிலும் ஆபத்துண்டு. வியர்வையோடு உப்பும் போகிறது. ஒரு லீற்றரில் ஏறத்தாழ ஒரு கிராம் சோடியம். அதாவது அரைத் தேக்கரண்டி உப்புக்குச் சற்றுக் குறைவு. இது ஆளுக்காள் வேறுபடும். இழந்ததைவிட அதிகமாகத் தண்ணீர் குடித்தால் இரத்தத்தில் சோடியம் நீர்த்து, மூளை வீங்கி, மரணமும் சம்பவிக்கலாம். 2002 பொஸ்டன் மரதனில் ஓடிய 488 பேரின் இரத்தத்தைப் பரிசோதித்தபோது, 13 சதவீதமானோரின் சோடியம் குறைந்திருந்தது.

அளவை அறிய ஓர் எளிய வழி உண்டு. பயிற்சிக்கு முன்னும் பின்னும் மகனை நிறுத்துப் பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால் ஏறத்தாழ ஒரு லீற்றர் நீர் போயிருக்கிறது. உடல் நிறையில் நூற்றுக்கு இரண்டுக்கு மேல் குறைந்தால் குடித்தது போதாது. நிறை கூடியிருந்தால் குடித்தது அதிகம்.

உம்மாமாரின் கவனத்துக்கு

போட்டிக்கு ஏறத்தாழ மூன்று மணித்தியாலத்துக்கு முன் வயிற்றுக்கு இலகுவான உணவு கொடுங்கள். இடியப்பம், பாண், சோறு எதுவானாலும் எண்ணெயும் தேங்காய்ப்பாலும் உறைப்பும் குறைவாக இருக்கட்டும். ஸுபஹுக்கு எழும் வீட்டில் இது சிரமமல்ல.

வழியில் உண்ண வாழைப்பழம், பேரீச்சம்பழம், உப்புச் சேர்த்த தேசிக்காய்த் தண்ணீர் ஆகியவற்றைப் பயிற்சி நாட்களிலேயே பழக்குங்கள். கால்களைப் போலவே வயிற்றுக்கும் பயிற்சி வேண்டும். போட்டியன்று புதிய உணவு எதுவும் கூடாது.

பாடசாலை இல்ல விளையாட்டுப் போட்டிக் காலத்திலும் இதை மறந்துவிடாதீர்கள். 2024 மார்ச்சில் நமது கிழக்கு மாகாணத்தில் மரதன் ஓடிய பாடசாலை மாணவர் ஒருவர் உயிரிழந்த செய்தி நம் எல்லோரையும் உலுக்கியது. காய்ச்சல், வயிற்றோட்டம் கண்ட பிள்ளையை வெயிலில் ஓட அனுப்பாதீர்கள். உண்ணாமல் வந்த பிள்ளையை ஆசிரியர்களும் ஓடவிடக் கூடாது.

ஓடுபவர் தள்ளாடினால், சம்பந்தமில்லாமல் பேசினால், மயங்கினால் அது வெப்பத் தாக்காக இருக்கலாம். உட்சூடு 40 பாகையைத் தாண்டியிருக்கக்கூடும். உடனே நிழலுக்குக் கொண்டுபோய்க் குளிர்ந்த நீரில் அமர்த்துங்கள். தொட்டி இல்லையேல் தொடர்ந்து நீரூற்றி விசிறுங்கள். 1990க்கு அழையுங்கள். அம்பியூலன்ஸ் வரும்வரை குளிரூட்டுவதை நிறுத்த வேண்டாம். மயங்கியவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

விழுந்தவள் ஒரு பெண்பிள்ளையாக இருந்தால், மேலாடை நனையுமே, ஆண்கள் இருக்கிறார்களே என்று தயங்கி நிற்காதீர்கள். பெண்கள் சூழ்ந்து நின்று துணியால் மறைத்துக்கொண்டு நீரை ஊற்றுங்கள். உயிரைக் காப்பது ஷரீஅத்தின் அடிப்படை நோக்கங்களுள் ஒன்று. நிர்ப்பந்த வேளையில் மார்க்கம் தரும் சலுகையை நாம் பறித்துவிடக் கூடாது.

கூடுமா, கூடாதா?

அந்தத் தாயின் கேள்விக்கு வருவோம். உடலைப் பலப்படுத்தும் விளையாட்டை இஸ்லாம் தடுக்கவில்லை. நபி (ஸல்) அவர்கள் தமது துணைவியார் ஆயிஷா (ரழி) அவர்களோடு ஓட்டப் போட்டி நடத்தியதையும், முதலில் ஆயிஷா நாயகி வென்றதையும், பின்னொரு முறை நபியவர்கள் வென்றதையும் நாம் அறிவோம். மகன் அவ்ரத்தை மறைக்கட்டும். நீண்ட போட்டியில் ளுஹரும் அஸரும் தவறாதிருக்க முன்கூட்டியே வழி பார்க்கட்டும். போட்டிக்காகப் பர்ளான நோன்பை விடுவது கூடாது. றமழானில் போட்டியைத்தான் பிற்போட வேண்டும்.

ஆனால் வெறும் வயிற்றோடு வெயிலில் இறங்கிவிட்டு, “அல்லாஹ் பார்த்துக்கொள்வான்” என்பது தவக்குல் ஆகாது. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் அல்லாஹ்வின்மீது பொறுப்புச் சாட்ட வேண்டும் என்பது நமக்குக் கற்றுத்தரப்பட்ட பாடம். பிரயாணமொன்றில் நோன்பு நோற்றதால் சோர்ந்து, மற்றவர்கள் நிழல் பிடிக்குமளவுக்கு ஆளான ஒருவரை நபியவர்கள் கண்டார்கள். பிரயாணத்தில் அப்படித் தன்னை வருத்திக்கொள்வது நன்மையாகாது என்று உணர்த்தினார்கள். வணக்கத்திலேயே இந்த அளவு இருக்குமானால், ஒரு பதக்கத்துக்காக உடலை வதைப்பதை என்னவென்பது?

அந்தத் தாயிடம் நான் சொன்னது இதுதான்: “மகனைத் தடுக்காதீர்கள். உண்ணாமல் போகவும் விடாதீர்கள். இந்த உடல் அவனுடைய சொத்தல்ல. அல்லாஹ் தந்த அமானிதம் என்று சொல்லுங்கள்.” இரண்டு கிழமைக்குப் பின் அவர் சொல்லியனுப்பினார்: மகன் இப்போது ஸுபஹுத் தொழுதுவிட்டு இடியப்பம் சாப்பிடுகிறானாம். சட்டைப் பையில் நான்கு பேரீச்சம்பழமும் கொண்டுபோகிறானாம். அல்ஹம்துலில்லாஹ்!

அல்லாஹ் நம் பிள்ளைகளின் உடலையும் ஈமானையும் பாதுகாப்பானாக! ஆமீன்.