நான்காம் படிவத்தில் எந்தக் கணிதம்?

மூன்றாம் படிவத்தை முடித்த மாணாக்கனின் வீட்டுக்கு ஒரு தாள் வருகிறது. அதில் பாடங்கள் தொகுதி தொகுதியாகக் குறிக்கப்பட்டிருக்கின்றன. ஒரு தொகுதியில் இயற்பியலும் வேதியியலும் கூடுதல் கணிதமும் இருக்கின்றன. மற்றொன்றில் கணக்கியலும் பொருளியலும் இருக்கின்றன. எது வேண்டும் என்று குறித்துப் பெற்றோர் கையொப்பமிட வேண்டும். ஜாசின் வட்டாரத்துத் தோட்டமாயினும், அலோர் காஜாவாயினும், மலாக்கா நகரமாயினும், இதற்குக் கிடைக்கும் காலம் சில நாட்களே. தாளோ மலாய்மொழியில் இருக்கிறது. தந்தை மகனைப் பார்க்கிறார். மகன் தோழனைப் பார்க்கிறான். தோழன் குறித்த தொகுதியே இவனுக்கும் உரியதாகி விடுகிறது.

இம்முடிவில் தவறு நேர்ந்தால், பிற பாடங்களை ஓரளவு பின்னாளில் தாமே படித்து ஈடுசெய்யலாம். கணிதம் அப்படிப்பட்டதன்று. அது படிப்படியாக ஏறும் கல்வி. ஒரு படி விடுபட்டால் மேற்படியில் கால் ஊன்ற முடியாது. ஆதலின் கணிதத்தைப் பற்றிய முடிவை மற்றவற்றினும் சற்று நிதானமாக எடுத்தல் வேண்டும்.

இருவேறு விதிகள்

பெற்றோர் பலரும் ஆசிரியர் சிலரும் இருவேறு விதிகளை ஒன்றாகக் கருதிவிடுகின்றனர். ஒன்று, எஸ்.பி.எம். சான்றிதழ் பெறுவதற்கான விதி. மற்றொன்று, அச்சான்றிதழைக் கொண்டு மேற்கல்வியின் வாயிலுக்குள் நுழைவதற்கான விதி.

முதல் விதி எளிது. மலாய்மொழி, ஆங்கிலம், கணிதம், அறிவியல், வரலாறு, நன்னெறிக் கல்வி அல்லது இஸ்லாமியக் கல்வி ஆகியவை மாணாக்கர் எடுக்க வேண்டிய அடிப்படைப் பாடங்கள். இயற்பியல், வேதியியல் போன்றவற்றை எடுப்போர் பொது அறிவியலுக்கு மாறாக அவற்றை எழுதுவர். ஆயினும், சான்றிதழ் பெறத் தேர்ச்சி கட்டாயமாக இருப்பது மலாய்மொழியிலும், 2013ஆம் ஆண்டிலிருந்து வரலாற்றிலுமே. கணிதத்தில் ‘ஜி’ என்னும் தோல்வி பெற்றவனும் சான்றிதழ் பெறக்கூடும்.

தமிழ்நாட்டில் நிலைமை வேறு. அங்குப் பத்தாம் வகுப்பில் ஒவ்வொரு பாடத்திலும் நூற்றுக்கு 35 பெற்றால்தான் தேர்ச்சி. கணக்கில் விழுந்தவன் மறுபடியும் எழுதித் தேற வேண்டும். அந்த ஏற்பாடு கடுமையானது. எனினும் கணக்கு வேண்டும் என்பதை அது வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறது. நம் நாட்டு ஏற்பாடு மென்மையானது. ஆனால் அந்த மென்மையே சிலரை ஏமாற்றிவிடுகிறது. ‘சான்றிதழ் கிடைத்துவிட்டது’ என்று மகிழும் குடும்பம், கல்லூரி விண்ணப்பத்தை எழுத உட்காரும்போதுதான் கணிதம் என்னும் சொல்லை மீண்டும் காண்கிறது.

இரண்டாம் விதியின் கடுமை அங்கேதான் தெரிகிறது. எஸ்.பி.எம். தேர்வில் ‘டி’, ‘இ’ ஆகியவை வெறும் தேர்ச்சி. ‘சி’யும் அதற்கு மேற்பட்டவையுமே சிறப்புத் தேர்ச்சி; ‘கிரெடிட்’ என்று வழங்குவது அதுவே. தொழில்நுட்ப டிப்ளோமாக்கள் பல, கணிதத்தில் இந்தக் கிரெடிட்டைக் கேட்கின்றன. பொறியியல், தூய அறிவியல் ஆகியவற்றை நோக்கிய வழிகளில் பெரும்பாலானவை கூடுதல் கணிதத்தையோ அதற்கு நிகரான கணிதத்தையோ எதிர்பார்க்கின்றன. இவ்விதிகள் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். ஆண்டுக்கு ஆண்டு மாறவும் கூடும். ஆதலின் பக்கத்து வீட்டுப் பிள்ளை மூன்றாண்டுகளுக்கு முன் சேர்ந்த விதம் இன்றைக்கு வழிகாட்டியாகாது. அந்தந்த நிறுவனம் வெளியிடும் நடப்பாண்டு நிபந்தனையைப் படிப்பதே முறை.

இரு கணிதங்களும் எவ்வாறு வேறுபடுகின்றன?

இந்திய மத்தியக் கல்வி வாரியம் 2020ஆம் ஆண்டுத் தேர்விலிருந்து பத்தாம் வகுப்புக்கு இருவகைக் கணிதத் தாள்களை வைத்தது. அங்குப் பாடத்திட்டம் ஒன்றே. வினாத்தாளின் கடுமை மட்டும் வேறு. மலேசியாவில் கணிதமும் கூடுதல் கணிதமும் அவ்வாறல்ல. அவை இரண்டு தனிப் பாடங்கள்.

அனைவரும் படிக்கும் கணிதத்தில் கணங்கள், நிகழ்தகவு, அணிகள், மாறல், உருமாற்றம், புள்ளிவிவரம் ஆகியவற்றோடு குடும்ப நிதித் திட்டம், காப்புறுதி, வரி ஆகியவையும் இடம்பெறுகின்றன. தவணைக் கடனில் மோட்டார் சைக்கிள் வாங்கும் குடும்பத்துக்கு இதைவிடப் பயனுள்ள பாடம் வேறில்லை. எனவே, கூடுதல் கணிதம் எடுக்காதவன் தாழ்ந்த கணிதம் படிக்கிறான் என்று எண்ணுவது பிழை.

கூடுதல் கணிதம் சார்புகள், மடக்கைகள், தொடர்கள், திசையன்கள், வகையீடு, தொகையீடு, வரிசைமாற்றம், நேர்கோட்டு இயக்கம் முதலியவற்றைக் கற்பிக்கிறது. இதன் இயல்பை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம்.

ஒரு வண்டி நின்ற நிலையிலிருந்து புறப்பட்டு, ஒரே சீராக வேகம் கூடி, 5 நொடியில் நொடிக்கு 10 மீட்டர் வேகத்தை அடைகிறது. அது கடந்த தொலைவு என்ன? வேகத்தையும் நேரத்தையும் வரைபடமாக வரைந்தால் ஒரு முக்கோணம் கிடைக்கும். அதன் பரப்பு, 5இல் பாதி பெருக்கல் 10. விடை 25 மீட்டர். இது எல்லாரும் படிக்கும் கணிதம்.

இனி வேறொரு வண்டியின் வேகம் ஒரே சீராகக் கூடாமல், நேரத்தின் வர்க்கத்தைப் போல் மும்மடங்காகக் கூடுகிறது என்று கொள்வோம். 1 நொடியில் அதன் வேகம் 3. 2 நொடியில் 12. இப்போது வரைபடம் நேர்கோடன்று, வளைகோடு. முக்கோணமாகக் கருதிக் கணக்கிட்டால் 2 நொடியில் 12 மீட்டர் என்று வரும், அது தவறு. தொகையீட்டு முறையால் கணக்கிட்டால் நேரத்தின் கனம், அதாவது 8 மீட்டர் என்னும் சரியான விடை கிட்டும். நேர்கோட்டோடு நின்றுவிடாமல் வளைந்து மாறுவனவற்றையும் அளக்கத் தொடங்குவதே கூடுதல் கணிதத்தின் சிறப்பு. பாலம் கட்டுவோனுக்கும் இயந்திரம் வகுப்போனுக்கும் இது இன்றியமையாதது.

யார் எடுக்க வேண்டும்?

‘கெட்டிக்காரப் பிள்ளை எடுக்கட்டும், மற்றவர் விடட்டும்’ என்பது பொதுவாகச் சொல்லப்படும் அறிவுரை. இது போதாது. கெட்டிக்காரத்தனத்தை அளப்பது கடினம். அடிப்படையை அளப்பது எளிது.

ஒரு சிறு கணக்கு போதும். ஒரு தொகையின் மூன்றில் ஒரு பங்கையும் நான்கில் ஒரு பங்கையும் கூட்டினால் 14 வருகிறது, அத்தொகை யாது? பின்னம் அறிந்த மாணாக்கன் இரண்டு பங்கும் சேர்ந்து பன்னிரண்டில் ஏழு என்று கண்டு, 24 என்று விடை கூறுவான். அறியாதவன் மேலெண்களையும் கீழெண்களையும் தனித்தனியே கூட்டி, ஏழில் இரண்டு என்று கொண்டு, 49 என்பான். ஏழில் இரண்டு என்பது மூன்றில் ஒன்றைவிடச் சிறியது என்பதையும், கூட்டிய பின் தொகை குறைந்துவிட்டது என்பதையும் அவன் கவனிப்பதில்லை. அவனுக்குக் குறைவது மூளையன்று. ஐந்தாம் ஆண்டுப் பாடம்.

இப்பிழையோடு கூடுதல் கணிதத்துள் நுழைபவன் முதல் சில மாதங்களிலேயே தளர்ந்துபோவான். அத்தளர்ச்சி இயற்பியலையும் வேதியியலையும் உடன் இழுத்துச் செல்லும். மாறாக, பின்னமும் குறைஎண்ணும் எளிய சமன்பாடும் கைவந்தவன், மதிப்பெண் சராசரியாக இருப்பினும், நாள்தோறும் பயிற்சி செய்யும் மனமிருந்தால் அச்சமின்றி எடுக்கலாம். அவனைத் தடுப்பது அநீதி. அடிப்படை ஆட்டங்கண்டவன், தொகுதியைக் குறிப்பதற்கு முன் உள்ள பள்ளி விடுமுறையில் அதைச் செப்பனிட்டுக் கொள்ள முடியுமா என்று பார்க்க வேண்டும். முடியாதெனில், அனைவருக்குமான கணிதத்தில் நல்ல கிரெடிட் பெறுவதே அவனுக்கு உகந்த வழி. கூடுதல் கணிதத்தில் தோல்வியும் கணிதத்தில் வெறும் தேர்ச்சியும் பெற்று நிற்பவனைவிட, கணிதத்தில் ‘ஏ’ பெற்றவனுக்கு வாயில்கள் மிகுதி.

முன்னாளில் இம்முடிவுக்குப் பொதுத் தேர்வுகள் துணைநின்றன. ஆறாம் ஆண்டின் யு.பி.எஸ்.ஆர். 2021இல் நீக்கப்பட்டது, மூன்றாம் படிவத்தின் பி.தி.3 2022இல் நீக்கப்பட்டது. 2020ஆம் ஆண்டிலிருந்தே அறிவியல் பிரிவு, கலைப் பிரிவு என்னும் பழைய பாகுபாடும் நீங்கிப் பாடத் தொகுதிகள் வந்தன. தேர்வுகளின் அச்சுறுத்தல் அகன்றது நன்றே. ஆயினும், பிள்ளையின் நிலையை வெளியார் அளந்து காட்டிய கருவியும் அவற்றோடு அகன்றது. அதற்குப் பின் நான்காம் படிவத்துக்கு வந்தவர்களுக்குப் பள்ளி மதிப்பீடும் ஆசிரியரின் நேர்மையான சொல்லுமே துணையாயின. இத்தகைய நிலையில் ஆசிரியரின் பொறுப்பு கூடிற்று என்பது வெளிப்படை.

தமிழை விட வேண்டுமா?

கூடுதல் கணிதம் எடுப்பதற்காகத் தமிழ்ப் பாடத்தை விட்டுவிடும் வழக்கம் சில குடும்பங்களில் உண்டு. இதற்குக் கட்டாயம் எதுவுமில்லை. 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின்படி, 15 மாணாக்கரின் பெற்றோர் கேட்டால் இடைநிலைப்பள்ளியில் தமிழ் கற்பிக்கப்பட இடமுண்டு. 2009இல் எஸ்.பி.எம். பாடங்களைப் பத்தாகக் குறைக்கும் அறிவிப்பு வந்தபோது, தமிழும் தமிழ் இலக்கியமும் நழுவிவிடும் என்று இந்தியச் சமுதாயம் குரல் எழுப்பிற்று. அதன் பயனாகப் பன்னிரண்டு பாடம் வரை எழுத இடம் அளிக்கப்பட்டது. போராடிப் பெற்ற இடத்தைக் கணிதத்தின்மேல் பழிபோட்டுக் காலியாக விடுதல் தகாது. வாரத்தில் தமிழுக்குச் செல்லும் சில மணி நேரம் எந்தப் பொறியாளனையும் தடுத்ததில்லை.

தமிழ்ப்பள்ளியின் பங்கு

1896இல் டான் சே யான் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் இரப்பரை வாணிகப் பயிராக நட்டார். பின்னர் எழுந்த தோட்டங்களில் தமிழ்ப்பள்ளிகள் தோன்றின. அந்நாளில் ஆறாம் வகுப்போடு பலருடைய கல்வி முடிந்தது. கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் போதுமென்று கருதப்பட்டது. இடைநிலைப்பள்ளி நுழைவுத் தேர்வு 1964உடன் நீங்கி, 1965 முதல் ஆரம்பப் பள்ளியை முடித்தவர் அனைவர்க்கும் மூன்றாம் படிவம் வரை வழி திறந்தது. இன்று ஆறாம் ஆண்டு முடிவன்று, தொடக்கமே.

தமிழில் கணக்குக் கற்ற பிள்ளை இடைநிலைப்பள்ளிக்குச் சென்றதும் பாடமொழி மலாயாகிறது. மலாய்மொழியில் போதிய தகுதி பெறாதவர் புகுமுக வகுப்பில் ஓராண்டு தங்குகின்றனர். பின்னம் என்பது ‘பெச்சாஹான்’ ஆகிறது, விழுக்காடு ‘பெராத்துஸ்’ ஆகிறது, பரப்பளவு ‘லுவாஸ்’, பெருக்குத்தொகை ‘ஹாசில் டாராப்’. ‘பாக்கி’ ஒன்றுதான் இரு மொழிக்கும் பொதுவாக நின்று ஆறுதல் தருகிறது! கணக்குத் தெரிந்த பிள்ளை, வினா விளங்காமல் வாயடைத்து நிற்பதைப் புதிய ஆசிரியர் அறியாமை என்று எண்ணிவிடக்கூடும். பிள்ளையும் நாளடைவில் அவ்வாறே எண்ணத் தொடங்குவான். அந்த எண்ணமே மூன்றாண்டு கழித்துத் தொகுதித் தாளில் கூடுதல் கணிதத்தை அடித்துவிடுகிறது.

இதற்கு மருந்து தமிழில் கற்பிப்பதை விடுவதன்று. கருத்துத் தாய்மொழியில் தெளிவாக வேரூன்றினால், சொல்லை மாற்றிக்கொள்வது அரிதன்று. ஆறாம் ஆண்டின் கடைசிப் பருவத்தில் நூறு கணிதச் சொற்களைத் தமிழிலும் மலாயிலும் அருகருகே எழுதி, வாரத்துக்குப் பத்தாகப் பயிற்றினால் பத்து வாரங்களில் அது முடிந்துவிடும். இதற்குத் தனி நிதியும் வேண்டா. தனி ஆணையும் வேண்டா. பழைய மாணாக்கர் மூன்றாம் படிவத்தை முடிக்கும் காலத்தில், பள்ளி மண்டபத்தில் அவர்தம் பெற்றோரை ஒருமுறை கூட்டி, தொகுதித் தாளைத் தமிழில் விளக்குவதும் இயலக்கூடிய செயலே.

2000ஆம் ஆண்டில் தோன்றிய மலாக்கா மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இன்று டுரியான் துங்காலில் நிற்கிறது. மெர்லிமாவில் பாலிடெக்னிக் இருக்கிறது. லொண்டாங்கில் மெட்ரிகுலேஷன் கல்லூரி இருக்கிறது. தோட்டத்து வீட்டிலிருந்து இவற்றுக்கான தொலைவு சில மைல்களே. ஆயினும், அத்தொலைவைப் பேருந்து மட்டும் கடத்திவிடாது; பின்னமும் சமன்பாடும் சேர்ந்தே கடத்த வேண்டும். தாளில் கையொப்பமிடும் தந்தைக்கு அவர் எதற்குக் கையொப்பமிடுகிறார் என்பதைத் தெளிவாக்குதல், அப்பிள்ளைக்கு முதலில் எண் கற்பித்த பள்ளியின் கடமையாகும்.