மூலையில் ஒரு சின்ன அம்புக்குறி

மயிலாப்பூர் கச்சேரி சாலைப் பக்கம் நான் வழக்கமாகப் பிரிண்ட் எடுக்கும் ஜெராக்ஸ் கடையில், கம்ப்யூட்டர் திரைக்குப் பின்னணிப் படமாகக் கபாலீஸ்வரர் கோயில் கோபுரத்தை வைத்திருக்கிறார்கள். கலசம் மட்டும்தான் தெரியும். மிச்ச இடத்தில் ஐகான்கள், அறுபத்து மூவர் உற்சவத்தன்று மாட வீதியில் நிற்கிற கூட்டம்போல. பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கர் மூன்று இருக்கிறது. 'நியூ ஃபோல்டர்' ஒன்றிலிருந்து ஏழு வரை இருக்கிறது. யாருடையதோ ஆதார் ஸ்கேன், யாருடையதோ கல்யாணப் பத்திரிகை, அதற்குப் பக்கத்திலேயே 'ஃபைனல்', 'ஃபைனல் 2', 'ஒரிஜினல் ஃபைனல்'.

ஒருநாள் நான் அனுப்பிய கோப்பை அந்தக் கூட்டத்துக்குள் தேடிக்கொண்டிருந்தார் கடையில் வேலை பார்க்கும் பெண். "இதுல பாதியை எடுத்துடலாமேம்மா" என்றேன். "ஐயோ சார், ஓனர் திட்டுவாரு. ஐகானை எடுத்தா சாஃப்ட்வேரே போயிடும்" என்றார். மூன்று பேஜ்மேக்கரில் இரண்டு திறக்காது என்பதையும் அவர்தான் சொன்னார். எந்த இரண்டு என்பது அவருக்குப் பழக்கத்தில் தெரியும். புதிதாக வருகிறவர் பாடு திண்டாட்டம்.

இதே பயத்தைத் தி.நகரில் உறவினர் வீட்டு லேப்டாப்பிலும் பார்த்திருக்கிறேன், அடையாறில் பென்ஷன் வாங்கும் பெரியவர்களிடமும் பார்த்திருக்கிறேன். "வேர்டு காணாமப் போயிடுச்சுப்பா" என்று வரும் ஃபோன் அழைப்புகளில் பெரும்பாலும் வேர்டு எங்கும் போயிருக்காது. அதற்கு வழிகாட்டும் படம்தான் போயிருக்கும்.

ரங்கநாதன் தெருவில், சந்துக்குள் இருக்கும் கடைக்காரர் தெருமுனையில் அம்புக்குறி போட்டு ஒரு பலகை மாட்டுகிறார் என்று வையுங்கள். பலகையைக் கழற்றினால் கடை மூடிவிடாது. மூன்று பலகை மாட்டினால் மூன்று கடை ஆகிவிடாது. கடையை வேறு சந்துக்கு மாற்றிவிட்டுப் பலகையை மாற்ற மறந்தால், வருகிறவர் பூட்டிய ஷட்டருக்கு முன்னால் நிற்பார். கச்சேரி சாலைக் கடையின் இரண்டு பேஜ்மேக்கருக்கும் நடந்தது அதுதான். மென்பொருளை யாரோ வேறொரு டிரைவில் மறுபடி நிறுவியிருக்கிறார்கள். பழைய பலகைகள் பழைய விலாசத்தையே காட்டிக்கொண்டு தொங்குகின்றன.

விண்டோஸில் இந்தப் பலகைக்கு ஷார்ட்கட் என்று பெயர். ஒன்றிரண்டு கேபி அளவுள்ள குட்டிக் கோப்பு அது. உள்ளே இருப்பதெல்லாம் மென்பொருள் எந்த டிரைவில் எந்தக் கோப்புறையில் இருக்கிறது, எந்தப் படத்தைக் காட்ட வேண்டும் என்பது போன்ற குறிப்புகள்தான். அடையாளம் சுலபம்: படத்தின் இடது கீழ் மூலையில் சின்னதாக ஒரு வளைந்த அம்புக்குறி இருக்கும். அதை அழித்தால் மென்பொருளில் ஒரு எழுத்துகூடக் குறையாது. விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் ஷார்ட்கட்டை அழிக்கப் போனால் கம்ப்யூட்டரே இதை ஒரு பெட்டியில் சொல்லும்: ஐகான்தான் போகும், மென்பொருள் போகாது என்று. ஆங்கிலத்தில் வரும் பெட்டியை யார் படிக்கிறார்கள்? ஓகே அழுத்துவதற்காகவே அது வருகிறது என்றுதான் நாம் எல்லோரும் நம்புகிறோம்.

அம்புக்குறி இல்லாத ஐகான் விஷயம் வேறு. அந்த ஆதார் ஸ்கேன், அந்தக் கல்யாணப் பத்திரிகை, அந்த 'ஒரிஜினல் ஃபைனல்', இவை பலகைகள் அல்ல, சரக்கே அங்கேதான் கிடக்கிறது. அழித்தால் ரீசைக்கிள் பின்னுக்குப் போகும். அதையும் காலி செய்தால் போனதுதான். ('திஸ் பிசி', 'ரீசைக்கிள் பின்' இரண்டும் அம்புக்குறி இல்லாமலேயே உட்கார்ந்திருக்கும். அவை விண்டோஸின் சொந்தப் பிள்ளைகள், கணக்கில் சேர்க்க வேண்டாம்.) சந்தேகம் இருந்தால் ரைட் கிளிக் செய்து பிராப்பர்டீஸ் பாருங்கள். ஷார்ட்கட் என்று ஒரு தலைப்பு தெரிந்தால் அது பலகை.

ஐகானே இல்லாமலும் மென்பொருளைத் திறக்கலாம். கீபோர்டில் விண்டோஸ் படம் போட்ட பட்டனைத் தட்டிவிட்டு, பெயரின் முதல் மூன்று நான்கு எழுத்துகளை அடித்தால் போதும். நிறுவியிருந்தால் வந்துவிடும். அதை ரைட் கிளிக் செய்து 'ஓபன் ஃபைல் லொகேஷன்' கொடுத்து, அங்கே தெரியும் ஷார்ட்கட்டை டெஸ்க்டாப்பில் காப்பி செய்து போட்டால், காணாமல் போன ஐகானும் வந்துவிடும். ஃபோனில் பதறுகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

வேடிக்கை என்னவென்றால், ஜெராக்ஸ் கடையில் ஐகானுக்குப் பயப்படுகிறோம். திரையில் மேஜைபோல ஐகான்களைப் பரப்பி வைக்கும் முறையை விற்பனைக்குக் கொண்டுவந்ததே ஜெராக்ஸ் நிறுவனம்தான். நகல் எடுக்கும் இயந்திரத்தால் நம் ஊர்க் கடைகளுக்கெல்லாம் பெயர் கொடுத்த அதே நிறுவனம். கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தில் முளைத்த யோசனைகளைக் கொண்டு 1981-இல் 'ஸ்டார்' என்ற கம்ப்யூட்டரை வெளியிட்டது. விலை 16,000 டாலருக்கு மேல். ஐகான் என்ற சொல்லைக் கம்ப்யூட்டருக்குக் கொண்டுவந்தவர் டேவிட் கேன்ஃபீல்ட் ஸ்மித். ஸ்டான்ஃபோர்டில் 1975-இல் எழுதிய முனைவர் பட்ட ஆய்வில் அதைப் பயன்படுத்தினார், பிறகு ஸ்டார் குழுவிலும் வேலை செய்தார்.

அந்த ஸ்டாரில் மென்பொருளுக்கு ஐகான் கிடையாது. கடிதம், கோப்புறை, தபால்பெட்டி, பிரிண்டர் இவற்றுக்குத்தான் படம். கடிதத்தைத் திறந்தால் அதை எழுதத் தேவையான மென்பொருள் தானாக வந்து நிற்கும். எந்த மென்பொருள் என்ற கேள்வியே பயன்படுத்துகிறவருக்கு எழாது. பிறகுதான் மென்பொருளுக்கும் ஐகான் வந்தது. 1991-இல் ஆப்பிளும், 1995-இல் விண்டோஸ் 95-உம் அசலுக்குப் பதிலாக வழிகாட்டி மட்டும் வைக்கும் வசதியைக் கொடுத்தன. சரக்கும் பலகையும் ஒரே தோற்றத்தில் ஒரே மேஜையில் கலந்தது அப்போதுதான். நம் குழப்பத்துக்கு அங்கிருந்துதான் பட்டா.

விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸில் இந்தப் பலகையைத் திறந்து படிக்கவே முடியும், அதனால் எனக்கு அதன்மேல் கொஞ்சம் பாசம் அதிகம். தமிழ்நாட்டில் லினக்ஸ் அந்நியமான பெயர் இல்லை. தரமணி டைடல் பார்க்கில் இயங்கும் சி-டாக் நிறுவனத்தின் சென்னைப் பிரிவு 'பாஸ்' என்ற இந்திய லினக்ஸை உருவாக்கி 2007-இல் வெளியிட்டது. பாரத் ஆபரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ் என்பதன் சுருக்கம். 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் மாணவர்கள் கைக்கு வந்த கணினிகளில் விண்டோஸோடு பாஸும் இருந்தது.

அந்த லினக்ஸில் ஐகானுக்குப் பின்னால் இருப்பது, கோப்பின் பெயர் 'டாட் டெஸ்க்டாப்' என்று முடியும் வெறும் எழுத்துக் கோப்பு. நோட்பேட் மாதிரி எதில் வேண்டுமானாலும் திறக்கலாம். முக்கியமாக மூன்று வரி: 'நேம்' என்ற வரியில் பெயர், 'எக்ஸெக்' என்ற வரியில் ஓட்ட வேண்டிய கட்டளை, 'ஐகான்' என்ற வரியில் படம். அதில் எனக்குப் பிடித்தது நான்காவதாகச் சேர்க்கக்கூடிய ஒரு வரி. 'நேம்' என்பதற்குப் பக்கத்தில் சதுர அடைப்புக்குறி போட்டு, தமிழுக்கான உலகக் குறியீடான 'டி', 'ஏ' என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளை எழுதி, எதிரே தமிழில் ஒரு பெயர் கொடுத்தால் போதும். கம்ப்யூட்டரின் மொழி தமிழாக இருந்தால் ஐகானுக்குக் கீழே அந்தத் தமிழ்ப் பெயர் வரும், ஆங்கிலமாக இருந்தால் பழைய பெயர். ஒரே பலகையில் இரண்டு மொழி, அரசுப் பேருந்தின் பெயர்ப் பலகைபோல.

இந்தப் பலகையை எழுதித்தரவே குட்டிக் கருவிகள் உண்டு. லினக்ஸ் மின்ட்டிலோ எக்ஸ்எஃப்சிஇ திரையிலோ காலி இடத்தில் ரைட் கிளிக் செய்தால் 'கிரியேட் லாஞ்சர்' என்ற பொருளில் ஒரு வரி வரும். அதை அழுத்தினால் பெயருக்கு ஒரு கட்டம், கட்டளைக்கு ஒரு கட்டம், படத்துக்கு ஒரு கட்டம். நிரப்பினால் ஐகான் தயார். இதற்கு அவசியம் எங்கே வருகிறது என்றால், பேஜ்மேக்கருக்கு மாற்றாகச் சொல்லப்படும் ஸ்கிரைபஸ் போன்றவற்றை 'ஆப்இமேஜ்' என்ற ஒற்றைக் கோப்பாக இறக்கும்போது. அது நிறுவப்படுவதில்லை, அதனால் மெனுவில் தானாகச் சேராது. முதலில் அந்தக் கோப்பை ரைட் கிளிக் செய்து, மென்பொருளாக ஓட அனுமதி கொடுக்க வேண்டும். பிறகு பலகை எழுத வேண்டும். இரண்டாவதைச் செய்யாமல், லினக்ஸில் அது இல்லை, இது இல்லை என்று கை கழுவியவர்களை நான் அறிவேன். (பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு 2001-இல் வந்த 7.0. யூனிகோட் தெரியாத அதைக் கட்டிக்கொண்டு நம் டிடிபி கடைகள் இன்னும் பழைய தமிழ் ஃபான்ட்டுகளோடு மல்லுக்கட்டுவது தனிக் கதை.)

பலகை யார் வேண்டுமானாலும் எழுதக்கூடியது என்றால், பொய்ப் பலகையும் எழுதலாம். சென்னையில் பென்டிரைவோடு ஜெராக்ஸ் கடை ஏறிய எவருக்கும் இது தெரியும்: வீட்டுக்கு வந்து செருகினால் கோப்புறைகள் எல்லாம் அம்புக்குறியோடு ஷார்ட்கட்டாக மாறியிருக்கும். அசல் கோப்புறைகளை மறைத்துவிட்டு, அதே பெயரில் தன்னை ஓட்டும் பலகைகளை வைத்திருக்கும் வைரஸ். இன்னும் மோசமானது 2010-இல் வெளியே தெரியவந்த ஸ்டக்ஸ்நெட். ஷார்ட்கட்டின் படத்தைக் காட்டும் இடத்தில் விண்டோஸில் இருந்த ஓட்டையை அது பயன்படுத்தியது. பென்டிரைவைத் திறந்து ஐகான் கண்ணில் பட்டாலே போதும், கிளிக் செய்யவே வேண்டாம். லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டுவில் வெளியிலிருந்து கொண்டுவந்த ஐகானை டபுள் கிளிக் செய்தால் திறக்காமல் அடம்பிடிப்பது இந்த மாதிரி ஆபத்துகளைத் தவிர்க்கத்தான். ரைட் கிளிக் செய்து 'அலவ் லாஞ்சிங்' கொடுத்தால்தான் நகரும். தொல்லைதான், ஆனாலும் அந்தத் தொல்லைக்கு என் ஓட்டு உண்டு. கல்யாணப் பத்திரிகை என்று வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே கோப்பும் இதே ஜாதி. மாப்பிள்ளை பெண் படம் போட்டிருந்தாலும் உள்ளே இருப்பது பணத்தைத் திருடும் செயலி. அழுத்தி ஏமாந்தவர்கள் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை உடனே கூப்பிட வேண்டும்.

மறுபடி கச்சேரி சாலைக் கடைக்கு வருகிறேன். அங்கே காப்பாற்றப்படுவது பேஜ்மேக்கரின் மூன்று பலகைகள்; அழித்தாலும் ஒன்றும் ஆகாதவை. கேட்பாரற்றுத் திறந்து கிடப்பது ஊர்க்காரர்களின் ஆதார், பான், பாஸ்போர்ட், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம். எல்லாம் அம்புக்குறி இல்லாத அசல்கள். ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஐகானை எடுத்த பெண்ணைத் திட்டாதீர்கள், ராத்திரி கடை அடைக்கும்முன் அன்று வந்த கோப்புகளையெல்லாம் அழித்து ரீசைக்கிள் பின்னையும் காலி செய்யுங்கள். பிரிண்ட் எடுக்கப் போகிறவர்களுக்கு: காசு கொடுப்பதற்கு முன்னால், "என் ஃபைலை அழிச்சிடுங்க, பின்லயும் எடுத்துடுங்க" என்று சொல்லி, அழிப்பதைப் பார்த்துவிட்டு வாருங்கள். முழு எண் தேவையில்லாத இடத்துக்கு, கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் 'மாஸ்க்டு ஆதார்' போதும்; ஆதார் ஆணையத்தின் தளத்தில் இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம்.