ஆறிய கறிக்கு வந்த வாழ்வு

பெங்களூர் ஸ்ரீராம்புரத்தில் கறி என்றால் சூடாக இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மதியம் குக்கர் சத்தம் அடங்கியதும் தட்டுகள் வந்துவிடும். குழம்பில் மிதக்கிற எண்ணெய் அசைந்துகொண்டிருக்கும்போதே சோற்றில் விழ வேண்டும். மீந்தது இரவில் மறுபடி அடுப்பேறிச் சுண்டும், மறுநாள் காலை இட்லிக்கு இன்னொரு முறை கொதிக்கும். ஆறின கறியை அப்படியே எடுத்து வாயில் போடுகிறவன் ஒன்று குடித்தவனாக இருப்பான், இல்லாவிட்டால் வீட்டில் கோபித்துக்கொண்டவனாக இருப்பான்.

அதே தெருக்களில் இப்போது பல வீட்டு ஃப்ரிட்ஜில் ஒரு பிளாஸ்டிக் டப்பா உட்கார்ந்திருக்கிறது. உள்ளே வேகவைத்துப் பிய்த்த கோழி, மயோனிஸ், பொடிப்பொடியாக வெங்காயம், கொஞ்சம் மிளகுத்தூள். சில வீடுகளில் கோழிக்குப் பதிலாக டின்னில் வந்த சூரை மீன், டூனா என்றால்தான் பிள்ளைகளுக்குத் தெரியும். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் டெலி என்கிற கடைகளில் கண்ணாடிப் பெட்டிக்குள் எடைபோட்டு விற்கிற சாலட் இதுதான். காலேஜ் போகிற பேத்தி அதை ஸ்பூனால் எடுத்து ரொட்டியில் தடவுகிறாள். பாட்டி கேட்கிறாள்: "ஆறிப்போன கோழியை எதுக்குடி இப்படிப் பிசைஞ்சு திங்கிறே? சூடு பண்ணித் தரவா?"

கேள்வி நியாயமானதாகத்தான் தெரிகிறது. ஆனால் பாட்டி தன் வாழ்நாளில் பாதி, ஆறின மீனைத்தான் தின்று வளர்ந்தவள்.

இந்தப் பகுதியைச் சுற்றி ஒரு காலத்தில் பஞ்சாலைகள் இருந்தன. இன்றைக்கு மந்திரி மால் நிற்கிற இடம் ராஜா மில். மாகடி சாலைப் பக்கம் மினர்வா மில். 1980-ல் உச்ச நீதிமன்றம் அரசியல் சட்டத்தின் அடிப்படைக் கட்டமைப்பைக் காத்துத் தீர்ப்பளித்த வழக்கால் சட்டம் படிக்கிற பிள்ளைகள் இன்றும் மனப்பாடம் செய்கிற அதே மினர்வா மில். அந்தப் பக்கமே பின்னி மில். வட ஆற்காட்டிலிருந்தும் தர்மபுரி, சேலம் பக்கமிருந்தும் பிழைக்க வந்த தமிழர்கள் ஒண்டுக்குடித்தன வரிசை வீடுகளில் தங்கி, சங்கு ஊதுகிற நேரத்துக்கு வாழ்க்கையை ஓட்டினார்கள். முதல் ஷிப்டுக்குப் போகிறவருக்கு விடியுமுன் அடுப்பு மூட்டிக் குழம்பு வைக்க முடியாது. ராத்திரிக் கிண்டின களி உருண்டை தண்ணீரில் கிடக்கும். தொட்டுக்கொள்ளக் கருவாடு.

கருவாட்டை அவர்கள் எப்போதும் குழம்பாக வைக்கவில்லை. நெத்திலியோ காரப்பொடியோ, தலையைக் கிள்ளிவிட்டு வெறும் சட்டியில் வறுப்பார்கள்; வாளைக் கருவாடு என்றால் கங்கில் வாட்டுவார்கள். மண் போக ஒரு தட்டு தட்டி, முள்ளை உருவி, கையாலே உதிர்ப்பார்கள். சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் பச்சையாகவே நசுங்கிச் சேரும், சுண்டைக்காய் அளவு புளி. அவ்வளவுதான். உதிர்த்த மீன், பச்சை வெங்காயம், காரம், புளிப்பு, கூடவே வயிறு நிரம்ப ஒரு மாவுப் பண்டம். டெலிக் கண்ணாடிக்குள் இருக்கிற மீன் சாலட்டில் இவை தவிர கூடுதலாக என்ன இருக்கிறது என்று கணக்குப் பார்த்தால், முக்கியமாக முட்டையில் அடித்த எண்ணெய்தான் மிஞ்சுகிறது.

இலங்கைத் தமிழருக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதே இல்லை. லட்சத்தீவின் மினிக்காயிலும் மாலத்தீவிலும் சூரையை அவித்து, புகையூட்டி, கட்டை போல் இறுகும்வரை காயவைத்து மாசி ஆக்குகிறார்கள். அதை இடித்து வெங்காயம், மிளகாய், தேசிக்காய்ப்புளி என்கிற எலுமிச்சைச் சாறு சேர்த்தால் மாசிச் சம்பல். டின் மீனைத் திறந்து வடித்து, அதே வெங்காயமும் பச்சை மிளகாயும் போட்டுப் பிசைவதும் அங்கே பழைய வழக்கம். மயோனிஸைத் தேடி யாரும் போகவில்லை.

கிழக்கே கொஞ்ச தூரம் போனால் வேறொரு உலகம் இருந்தது. கண்டோன்மென்ட் பங்களாக்களில் மதிய விருந்துக்குக் குளிர்ந்த ஹாம், மயோனிஸ் போட்ட கோழி, மீன் சாலட் எல்லாம் மேஜைக்கு வரும். தின்றவர்கள் வெள்ளைக்காரர்கள். செய்தவர்கள்? சென்னை ராஜதானியில் இருந்த கென்னி ஹெர்பர்ட் என்ற ராணுவ அதிகாரி 1878-ல் ஒரு சமையல் புத்தகம் எழுதினார், 'கலினரி ஜாட்டிங்ஸ் ஃபார் மெட்ராஸ்' என்று. அதில் வெள்ளைக்கார வீட்டுச் சமையல்காரர்கள் எல்லோருக்கும் சேர்த்து அவர் வைத்த பெயர் ராமசாமி. அவருக்கு அது வேடிக்கை. நமக்கு அது சாட்சி. மஞ்சள் கருவில் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு, திரிந்துபோகாமல் கையால் அடித்து மயோனிஸ் ஆக்குகிற வேலையைத் தமிழ்க் கைகள் நூற்றைம்பது வருடங்களுக்கு முன்பே பழகியிருந்தன. வீட்டுக்கு மட்டும் கொண்டுபோகவில்லை. ஒரு மஞ்சள் கருவுக்கு ஒரு டம்ளர் அளவு நல்ல எண்ணெய் போகும். வீட்டில் ஒரு வாரத் தாளிப்புக்கு அந்த எண்ணெய் வேண்டும்.

பிறகு அந்தச் சரக்கு கடைகளுக்கு வந்தது. எம்.ஜி. ரோட்டில் 1931 முதல் பெங்களூர் ஹாம் ஷாப். பிரிகேட் ரோட்டில் நீல்கிரீஸ். இந்த நீல்கிரீஸின் கதை எனக்குப் பிடித்தது. 1905-ல் முத்துசாமி முதலியார் நீலகிரியில் வெண்ணெய் வியாபாரமாக ஆரம்பித்து, 1936-ல் பெங்களூருக்கு வந்த தமிழர் கடை அது. அதே 1905-ல்தான் நியூயார்க்கில் ரிச்சர்ட் ஹெல்மன் என்ற ஜெர்மானியக் குடியேறி ஒரு டெலி திறந்தார். அந்தக் கடையின் சாலட்டுக்குப் போட்ட மயோனிஸ் நன்றாக இருக்கிறது என்று ஆட்கள் தனியாகக் கேட்கவே, 1912-லிருந்து அதைப் பாட்டிலில் அடைத்து விற்றுப் பெரிய ஆளானார். இங்கேயோ வெண்ணெயும் ரொட்டியும் மட்டும் ஸ்ரீராம்புரத்துக்கு நடந்து வந்தன, அதுவும் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால். குளிர்ந்த இறைச்சி பிரிகேட் ரோட்டிலேயே நின்றுவிட்டது.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. பிரிட்டனில் சாண்ட்விச் கடைக்குக் கடை விற்கிற 'கரோனேஷன் சிக்கன்', 1953-ல் எலிசபெத் ராணியின் முடிசூட்டு விருந்துக்காக ரோஸ்மேரி ஹியூமும் கான்ஸ்டன்ஸ் ஸ்ப்ரையும் உருவாக்கியது. ஆறின கோழி, மயோனிஸ், கறிப்பொடி. நம் மசாலா அங்கே போய்க் குளிர்ந்த கோழியில் சேர்ந்துவிட்டது. நம் வீட்டுக் கோழி குளிர இன்னும் அறுபது வருடம் ஆயிற்று.

மில்கள் மூடின. 2010-ல் மால் திறந்தது, 2014 மார்ச்சில் ஸ்ரீராம்புரத்துக்கே மெட்ரோ நிலையம் வந்தது. மாலில் வேலைக்குப் போன பிள்ளைகள் சாண்ட்விச் கடைகளில் மயோனிஸ் கோழியைத் தின்னப் பழகினார்கள். கொரோனா ஊரடங்கில் கடை மூடியபோது வீட்டிலேயே செய்து பார்த்தார்கள். பாட்டிலும் டின்னும் பத்து நிமிடத்தில் வாசலுக்கு வருகிற காலம் அதை நிரந்தரமாக்கியது. அதற்குப் பிறகு பயம் வேறு சேர்ந்துகொண்டது. பச்சை முட்டை மயோனிஸைத் தெலங்கானா 2024 அக்டோபரிலும், தமிழ்நாடு 2025 ஏப்ரலிலும் ஒரு வருடத்துக்குத் தடை செய்தன. ஓசூர், கிருஷ்ணகிரியில் இருக்கிற சொந்தக்காரர்கள் போனில் எச்சரிக்க, "கடையில் வேண்டாம், வீட்டில் செஞ்சுக்கலாம்" என்று இங்கேயும் முடிவாயிற்று.

செய்கிறார்கள். ஆனால் கடையில் தின்ற ருசி வருவதில்லை என்பதுதான் எல்லோருடைய புகாரும். நான் பார்த்தவரை காரணம் மயோனிஸ் இல்லை, தண்ணீர். குக்கரில் மூன்று விசில் விட்ட கோழி நாராகப் போய், பிடித்துவைத்த தண்ணீரை எல்லாம் டப்பாவுக்குள் விடுகிறது. கோழி நெஞ்சுக்கறியை உப்புப் போட்ட தண்ணீரில், கொதிக்கவிடாமல் சின்னத் தீயில் உள்ளே சிவப்பு போகும்வரை வேகவிட்டு, கொஞ்ச நேரம் அந்தத் தண்ணீரிலேயே விட்டு எடுத்தால் சாறு உள்ளேயே நிற்கும். பிறகு பிய்த்து, ஃப்ரிட்ஜில் நன்றாகக் குளிர்ந்த பிறகே மயோனிஸ். சூட்டில் கலந்தால் எண்ணெய் பிரிந்து, கோழி பளபளவென்று அழுதுகொண்டிருக்கும்.

வெங்காயமும் வெள்ளரியும் இன்னொரு தண்ணீர்த் தொட்டி. இதற்கு வெளிநாட்டு வீடியோ பார்க்கத் தேவையில்லை. ஸ்ரீராம நவமிக்கு இந்த ஊரில் தெருவுக்குத் தெரு கொடுக்கிற கோசம்பரியைச் செய்தவர்களைக் கேட்டால் போதும். ஊறின பாசிப்பருப்பில் வெள்ளரியைப் போட்டுவிட்டு, உப்பை மட்டும் பரிமாறுகிற நேரத்தில்தான் சேர்ப்பார்கள். இந்தச் சாலட் ஒரு ராத்திரி ஊறவேண்டும் என்பதால் வழியைத் திருப்பிப் போடவேண்டும்: காயை முதலிலேயே உப்பில் பிசிறி, கால் மணி கழித்துத் துணியில் பிழிந்துவிட்டுக் கலப்பது. டெலிக்காரர்கள் போடுகிற செலரித் தண்டு இங்கே விலை அதிகம். அதன் கடுக்மொடுக்குக்கு நூல்கோலைப் பொடியாக நறுக்கிப் போட்டால் செலரியைவிட நன்றாக இருக்கிறது. பெங்களூர் மார்க்கெட்டில் நூல்கோலுக்குப் பஞ்சமா?

நம் கடை மயோனிஸ் பாட்டில்களில் பெரும்பாலானவை முட்டையில்லாதவை, எனக்கு அவை தித்திப்பாகத் தெரிகின்றன. பாதிக்குப் பாதி துணியில் கட்டித் தொங்கவிட்ட தயிர் சேர்த்தால் நாக்குக்கு ஏற்றபடி வரும். வீட்டிலேயே செய்ய வேண்டுமென்றால் ஒரு பங்கு குளிர்ந்த பால், இரண்டு பங்கு சூரியகாந்தி எண்ணெய். கையில் பிடிக்கிற பிளெண்டரை அடிவரை விட்டு அசைக்காமல் ஓட்டினால் கெட்டியாகும். வினிகரும் கடுகுப்பொடியும் உப்பும் கடைசியில். முட்டைப் பயமே இல்லை. நல்லெண்ணெய் மட்டும் வேண்டாம், கோழி எள்ளுருண்டை வாசம் அடிக்கும். ரொட்டிக்கு என் ஓட்டு ஐயங்கார் பேக்கரிக்குத்தான். பேக்கரிக்காரரிடம் உள்ளே என்ன வைக்கப்போகிறோம் என்று சொல்லாமல் இருப்பது மரியாதை.

மீனில் டின்னை நான் குறைத்துப் பேசமாட்டேன். கடல் இங்கிருந்து ஏறக்குறைய முந்நூறு கிலோமீட்டர். சூரை, அயிலை வகை மீன்கள் வழியில் ஐஸ் குறைந்து வெப்பத்தில் கிடந்தால் ஹிஸ்டமின் என்ற பொருள் உண்டாகிறது. பிறகு எவ்வளவு வேகவைத்தாலும் அது போகாது, முகம் சிவந்து தலைவலி வரும். சரியாக அடைத்த டின்னில் அந்தக் கவலை குறைவு. வடிகட்டி நன்றாகப் பிழிந்துவிட்டு, எலுமிச்சையும் பச்சை மிளகாயும் சேர்த்தால் போதும், மயோனிஸ் ஒரு ஸ்பூன்.

இதெல்லாம் கைப்பழக்கம், வந்துவிடும். பழகாத விஷயம் குளிர். கருவாட்டைக் காப்பாற்றுகிற வேலையை உப்பும் வெயிலும் எப்போதோ, எங்கோ ஒரு கடற்கரையில் முடித்துவிட்டன. வாங்கி வந்தவள் பானையில் போட்டு மூடிவைத்தால் மாதக்கணக்கில் கிடக்கும். மயோனிஸ் கோழியை ஒவ்வொரு மணி நேரமும் கரண்ட் காப்பாற்ற வேண்டியிருக்கிறது. ஃப்ரிட்ஜில் மூன்று, நான்கு நாள். வெளியே இரண்டு மணி நேரம், வெயில் காலத்தில் ஒரு மணி நேரம். காலை ஏழரைக்குக் கட்டின டிபன் பாக்ஸ் பள்ளியில் திறப்பது பன்னிரண்டரைக்கு. பக்கத்தில் ஐஸ் பை வைக்காமல் கட்டிக்கொடுப்பது தப்பு. இந்தியாவில் கோத்ரெஜ் ஃப்ரிட்ஜ் செய்ய ஆரம்பித்தது 1958-ல். வரிசை வீடுகளுக்கு அது வந்து சேர அதன்பின் எத்தனையோ தீபாவளி போனஸ் தேவைப்பட்டது. வந்த பிறகும் அதில் நாம் வைத்தது தண்ணீர் பாட்டிலும் இட்லி மாவும் பாலும். சுண்டவைத்த குழம்பைக்கூட வெளியே வைத்தே பழகினோம். குளிரை நம்பிக் கறியை விடுவது இந்தத் தலைமுறை கற்றுக்கொள்கிற பாடம்.

அப்படியானால் கருவாட்டையே டப்பாவில் கட்டலாமே? ருசிக்குத் தடையில்லை. வறுத்து உதிர்த்த நெத்திலியைத் தொங்கவிட்ட தயிரிலும் கொஞ்சம் மயோனிஸிலும் பிசைந்து, நசுக்கின சின்ன வெங்காயம் போட்டால் டின் டூனா அதன் பக்கத்தில் நிற்காது. உப்பு மட்டும் தனியாகப் போடக்கூடாது. தடை வேறிடத்தில் இருக்கிறது. மில் கொட்டகையில் பக்கத்தில் உட்கார்ந்தவர் டப்பாவிலும் கருவாடுதான் இருந்தது, யாரும் மூக்கைப் பிடிக்கவில்லை. ஏ.சி. போட்டுக் கதவடைத்த ஆபீஸில் அதைத் திறக்க முடியாது. வாடகைக்கு வீடு தேடிப் போனால் முதல் கேள்வியே நீங்கள் வெஜ்ஜா நான்வெஜ்ஜா என்பது; அதைத் தாண்டினாலும் கருவாடு வறுத்த அன்றைக்கு ஓனர் மாடியிலிருந்து இறங்கி வருவார். டூனா சாலட்டுக்கு யாரும் இறங்கி வருவதில்லை. இரண்டும் மீன்தான், ஒன்று மணக்காமல் இருக்கிறது. ஆறின கோழியும் மீனும் இவ்வளவு சீக்கிரம் ஸ்ரீராம்புரத்துப் பிள்ளைகளின் டப்பாவில் இடம் பிடித்ததற்கு ருசியைவிட இதுவே பெரிய காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. சொந்த வீடு உள்ளவர்கள் மட்டும் ஞாயிற்றுக்கிழமை ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு வாளையை வாட்டுகிறார்கள்.