வாசலுக்கு ஓர் ஆவாரை

சின்னசேலத்திலிருந்து கல்வராயன் மலைப்பக்கம் போகும் வழியில் தரிசிலும் வரப்பிலும் மஞ்சளாய்ப் பூத்து நிற்கிறது ஆவாரை. போகியன்று காப்புக் கட்ட, சிறுபீளையோடும் வேப்பிலையோடும் ஒடித்து வருவோம். பொங்கல் முடிந்தால் மறந்துவிடுவோம். வாசலில் வைக்க மட்டும், தினமும் தண்ணீர் கேட்கும் வெளியூர்ச் செடியை நர்சரியில் காசு கொடுத்து வாங்குவோம். ஆவாரைக்கு என்ன குறைச்சல்?

ஏறக்குறைய ஆளுயரம் வளரும் புதர் இது. பூவைக் கிட்டத்தில் வைத்துப் பாருங்கள். ஐந்து இதழ், பத்து மகரந்தத் தாள். மேலே உள்ள மூன்றும் மலடு. கீழே உள்ளவை நீண்டு வளைந்திருக்கும். இந்தப் பூவில் தேன் கிடையாது, வருகிறவர்களுக்கு மகரந்தம்தான் கூலி. அதையும் சும்மா தருவதில்லை. மகரந்தப் பை பிளந்து கொட்டாது. நுனியில் சின்னத் துளை மட்டும் உண்டு. மிளகுத்தூள் குப்பிபோலக் குலுக்கினால்தான் வரும்.

குலுக்குவது கருவண்டு என்று நாம் சொல்லும் தச்சுத்தேனீ. பூவைக் கவ்விக்கொண்டு, சிறகை அடிக்காமல், மார்புத் தசையை மட்டும் அதிரவிடும். பறக்கும்போது வரும் ரீங்காரத்தைவிடக் கூர்மையான ஓசை அப்போது கேட்கும். தூள் பொலபொலவென்று அதன் உடம்பில் உதிரும். கூடு கட்டித் தேன் சேர்க்கும் நம் தேனீக்களுக்கு இந்த வித்தை தெரியாது.

ஒரு காலத்தில் ஆவாரையின் மதிப்பு பூவில் இல்லை, பட்டையில் இருந்தது. துவர்ப்புச் சத்து மிகுந்த ஆவாரம்பட்டையில்தான் தென்னிந்தியத் தோல் பதனிடுவோர் தோலைப் பதப்படுத்தினார்கள். பிறகு தென்னாப்பிரிக்காவிலிருந்து வாட்டில் என்ற மரத்தின் பட்டை வந்து இதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது.

வளர்ப்பது எளிது, முளைக்க வைப்பதுதான் கொஞ்சம் வேலை. விதைத்தோல் கெட்டி, தண்ணீர் உள்ளே இறங்காது. உப்புத்தாளில் லேசாகத் தேய்த்து, ஓரிரவு ஊறப்போடுங்கள். உப்பிய விதையை ஐப்பசி மழைக்கு முன்னால் நிலத்திலேயே ஊன்றுங்கள். ஆணிவேர் ஆழமாக இறங்குகிற செடி, பிடுங்கி நட்டால் பிழைப்பது அரிது. நல்ல வெயில் வேண்டும்; தண்ணீர் தேங்கக் கூடாது. செம்மண்ணோ சரளையோ, எதுவானாலும் சரி. உரம் போட்டுச் செல்லம் கொடுக்க வேண்டாம். வேர் பிடித்தபின் தண்ணீரையும் குறைத்துவிடலாம். பூத்து ஓய்ந்ததும் கவாத்து செய்தால் அடர்ந்து கிளைக்கும்.

இலையைப் பச்சைப் புழு தின்னும். மருந்தடிக்காதீர்கள், வெளிர்நிற வண்ணத்துப்பூச்சியாகப் பறக்கப்போவது அதுதான்.

சர்க்கரைக்கு ஆவாரம்பூ குடிநீர் நல்லது என்று ஊரே சொல்லும். குடிக்கலாம், அதை நம்பி மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

விதைக்குக் கடை தேட வேண்டாம். சாலையோரச் செடியில் பழுப்பேறிக் காய்ந்த தட்டை நெற்று நாலைந்து பறித்தால் ஒரு வேலிக்கே போதும். மீதியைச் செடியிலேயே விட்டுவையுங்கள்.